இடப்பக்கம் வைத்த டம்ளர்

எங்கள் தமக்கையார் மறைந்து ஓராண்டு நிறைகிறது. அவருடைய இறுதிக் காலையைப் பற்றி உறவினரிடையே பலவிதமான பேச்சுகள் உலவி, என் காதுக்கும் வந்து சேர்ந்தன. அத்தானின் வெற்றுக் கட்டிலில் தலையணையில் ஒரு பள்ளம் இருந்தது என்கின்றனர் சிலர். அறையில், அக்காவுக்கு முன்பே காலமான அத்தானின் இருமல் கேட்டது என்கின்றனர் வேறு சிலர். அவர்களுள் ஒருவரும் அன்று திண்டிவனத்து வீட்டில் இல்லை. காரியத்திற்கு வந்திருந்த பெரியவர் ஒருவர், "அவரே வந்து கூட்டிக்கினு பூட்டாருப்பா" என்று என் தோளைத் தட்டிச் சொல்லிவிட்டு, பந்தி முடிந்துவிடுமோ என்று விரைந்து போனார்.

ஆகவே இந்த நினைவு மலருக்கு எழுத உட்கார்ந்தபோது எனக்கு ஒரு வரம்பு வகுத்துக்கொண்டேன். நான் கண்ணால் கண்டவை, அவர் வாயால் நேரே கேட்டவை, அருகிலிருந்த இருவர் தனித்தனியே சொல்லி ஒத்துப்போனவை ஆகியவற்றையன்றி வேறெதுவும் இதில் இடம்பெறாது. அவர் தம் வாழ்நாளெல்லாம் செவிலியராகப் பணியாற்றியவர். காய்ச்சல் எவ்வளவு என்று கேட்டு, "அதிகமா இருக்கு" என்று விடை வந்தால் ஏற்றுக்கொள்ளாதவர். அவரைப் பற்றிய கட்டுரையில் "இருந்திருக்கும்" என்று எழுத எனக்குத் துணிவில்லை.

இம்மலரைப் பெறுவோருள் பலருக்கு அவர் பெரியம்மா. சிலருக்கு அத்தை, அண்ணி. மருத்துவமனையில் அவர் சிஸ்டர். எனக்கு அவர் அக்கா. இங்கும் அவ்வாறே குறிப்பிடுகிறேன்.

விக்கிரவாண்டிக்கு மேற்கே உள்ள சிற்றூர் ஒன்றில், மல்லாட்டை என்னும் நிலக்கடலையும் கேப்பையும் பயிரிட்ட குடும்பத்தில் அக்கா மூத்த மகளாகப் பிறந்தார். நான் கடைசித் தம்பி. தாயாரின் நோயைக் கண்டு மனம் உருகிச் செவிலியர் படிப்பில் சேர்ந்தார் என்று இரங்கல் கூட்டத்தில் ஒருவர் உரையாற்றினார். அது பிழை. அப்போது எங்கள் தாயார் நல்ல உடல்நலத்துடன் இருந்தார். அக்காவே என்னிடம் சொன்ன காரணம் வேறு: "ஆஸ்டல்ல மூணு வேளையும் சோறு போடுவாங்கன்னு கூடப் படிச்ச பொண்ணு சொன்னா. சேந்துட்டேன். சோறு நல்லாவே இல்ல."

எங்கள் பெரியப்பா அப்படிப்பை எதிர்த்தார். "ஊரான் காலைப் புடிச்சி உடற வேலைக்கா பொண்ணை அனுப்புவாங்க?" என்று அவர் வாசலில் நின்று கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. "உங்க காலு உடைஞ்சா யாரு புடிக்கிறாங்கன்னு பாக்கறேன் பெரியப்பா" என்றார் அக்கா. பிற்காலத்தில் இடுப்பெலும்பு முறிந்து பெரியப்பா படுத்தபோது, அவரை மீண்டும் நடக்கவைத்தவர் அக்காதான். அந்தப் பழைய வாசகத்தைப் பற்றிப் பெரியப்பா வாய் திறக்கவில்லை. அக்காவும் நினைவூட்டவில்லை.

விழுப்புரம் சந்திப்பில் ரயில்வே ஊழியராக இருந்த அத்தானை அக்கா மணந்தார். ஒரே மகள், தேன்மொழி. அந்நகரின் மருத்துவமனை ஒன்றில் அக்கா நெடுங்காலம் பணியாற்றினார். அதில் பெரும்பகுதி முதியோர் பிரிவில் கழிந்தது. எலும்பு முறிந்தோரும் பக்கவாதம் கண்டோரும் அங்கு வருவர். உயிர் பிழைத்துவிட்டார் என்று மருத்துவர் சொல்லிச் சென்ற பிறகு, அவரை மறுபடி உட்காரவும் நிற்கவும் உண்ணவும் உடுத்தவும் செய்யும் வேலை செவிலியர் கையில் மிஞ்சும். அதை அக்கா ஒரு முறையோடு செய்தார்.

பக்கவாதத்தில் இடப்பக்கம் விழுந்த நோயாளி என்றால், அவருக்கான நாற்காலி கட்டிலின் இடப்பக்கமே போடப்படும். பார்க்க வருவோர் அதில் உட்காரக் கூடாது. நோயாளி எழுந்துவந்து உட்காருவதற்கு அது. தண்ணீரும் இடப்பக்கமே வைக்கப்படும். நோயாளிக்கு விழுங்குவதில் தடையில்லை என்று உறுதிசெய்த பிறகு, ஒரு டம்ளரை முக்காலியின்மேல் வைத்துவிட்டு, தாங்கிப்பிடிக்க ஆயத்தமாக அக்கா அருகிலேயே நிற்பார். குவளை என்று எழுதலாம். ஆனால் அவர் கையாண்டது எவர்சில்வர் டம்ளர்தான். அது கைக்கு எட்டாத தொலைவில் இராது. முயன்றால் எட்டும் தொலைவில் இருக்கும். மறந்துபோன பக்கம் ஒன்று தமக்கு உண்டு என்று நோயாளியின் உடல் அந்த முயற்சியில் நினைவுகொள்ளும் என்பார்.

உறவினர்க்கு இது கொடுமையாகத் தோன்றியது. ஒருநாள் பகல் உணவு கொண்டுசென்றபோது நான் நேரில் கண்ட காட்சி இது. கோட்டக்குப்பத்தைச் சேர்ந்த முதியவர் ஒருவர் கட்டிலில் சாய்ந்திருந்தார். வளைகுடா நாட்டிலிருந்து விடுப்பில் வந்திருந்த அவர் மகன், அக்காவிடம் வாதாடிக்கொண்டிருந்தார்.

"எதுக்கு சிஸ்டர் அத்தாவ இப்படிக் கஷ்டப்படுத்தறீங்க? ரெண்டு ஆளு வச்சிருக்கோம். தூக்கிக்கினு போவாங்க, தூக்கிக்கினு வருவாங்க."

"தூக்கினா தூக்கிக்கினே இருக்கணும் தம்பி. நீங்க திரும்பிப் போனப்புறமும்."

முதியவர் தலையைத் திருப்பாமல் முணுமுணுத்தார். "தண்ணிய அந்தாண்ட வச்சிட்டு தாகமா இருக்கான்னு கேக்குது இந்தம்மா. மாமியாகூட இப்படிப் பண்ணமாட்டா."

"மாமியா இருந்தா நீங்க இந்நேரம் எழுந்து ஓடியிருப்பீங்க பாய்."

முதியவர் சிரித்துவிட்டார். சிரித்த வேகத்தில் தலை இடப்பக்கம் திரும்பியது; பின்னாலேயே கையும் நகர்ந்தது. டம்ளர் உருண்டு மகனின் காலில் தண்ணீர் கொட்டியது. "நல்லா வேணும் உனக்கு" என்றார் தந்தை. அக்கா டம்ளரை எடுத்து மறுபடி நிரப்பி, அதே இடத்தில் வைத்தார்.

அவர் ஓய்வு பெற்றபின் குடும்பம் திண்டிவனத்திற்குக் குடிபெயர்ந்தது. தேன்மொழி அங்கே பள்ளி ஆசிரியை. அந்த வீட்டில்தான் அத்தானுக்குப் பக்கவாதம் கண்டது, இடப்பக்கம். அக்கா தமக்குத் தெரிந்த முறைப்படி கட்டிலின் இடப்பக்கம் நாற்காலி போட்டு, முக்காலியில் டம்ளர் வைத்தார். அத்தான் திரும்பவே மறுத்தார்.

"ஏங்க, காலைக் கீழ வைங்க. நான் புடிச்சிக்கிறேன்."

"அதெல்லாம் உன் ஆஸ்பத்திரில வச்சிக்கோ. இங்க நான் உன் புருஷன்."

"புருஷனுக்கும் அதே காலுதாங்க."

ஊராரை நடக்கவைத்தவருக்குத் தம் கணவர் இணங்கவில்லை. அத்தான் முரடர் அல்லர். மனைவியின் முன் தள்ளாடி விழுவதற்கு அவருக்கு மனம் ஒப்பவில்லை. இதனை அவரே என்னிடம் ஒருமுறை சொன்னார். பார்க்க வந்தோரும் அவர் பக்கமே நின்றனர். "சாகப்போற மனுஷன நட நடன்னு பேஜாரு பண்றியே அண்ணி, கொஞ்சம் நிம்மதியா படுக்க உடு" என்றார் அத்தானின் தங்கை. நம் வீடுகளில் அன்பு என்பது பெரும்பாலும் நோயாளியைப் படுக்கவைத்து ஊட்டிவிடுவதாகவே இருக்கிறது. அவ்வன்பை அத்தானுக்கு நாங்கள் அனைவரும் குறைவின்றி அளித்தோம்.

ஒரு பிற்பகலில் அத்தான் வாய்விட்டு அழுதார். நான் அறையில் இருந்தேன். அக்கா சற்று நேரம் நின்றார். பிறகு டம்ளரை எடுத்து, கட்டிலைச் சுற்றிவந்து, வலப்பக்கம் வைத்தார். அத்தான் நல்ல கையால் எடுத்துக் குடித்தார். அதன்பின் அது இடப்பக்கம் வைக்கப்படவே இல்லை. அத்தான் எழவில்லை. படுக்கைப் புண் கண்டது, பின்னர் நெஞ்சில் சளி கட்டியது, காலமானார். நடந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று நான் எழுதவில்லை. அதனை அறிந்தவர் யாரும் இலர். ஆனால் அக்கா, பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவினர் கலைந்த பிறகு என்னிடம் சொன்ன வாசகம் இது: "அந்த டம்ளர நான் மாத்தி வச்சிருக்கக் கூடாதுடா."

அத்தானின் கட்டில் அதே அறையில் கிடந்தது. அதில் எவரும் படுப்பதில்லை. எதிர்ச்சுவரோரம் அக்காவின் கட்டில்.

சென்ற ஆண்டின் முன்பகுதியில் அக்கா குழாயடியில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. விழுப்புரத்தில் அறுவை செய்து, சில நாள்களில் வாக்கர் என்னும் நாற்கால் பிடியுடன் வீட்டிற்கு அனுப்பினர். உடனே நடக்கத் தொடங்க வேண்டும். தாமதித்தால் படுக்கையிலேயே தங்கிவிடுவார் என்பது மருத்துவரின் எச்சரிக்கை. அக்காவுக்கு அது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் அவர் எழவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். தேன்மொழி தட்டை ஏந்தி ஊட்டினாள்; அக்கா வாயைத் திறந்தார். அந்த வாய் திறந்ததைப் பார்த்தபோதுதான் எனக்கு முதன்முதலாக அச்சம் பிறந்தது. அவரை இழந்துவிடுவோம் என்பது அப்போது எனக்கு உறுதியாகப் பட்டது.

வீட்டிற்கு வந்து பார்க்கும் செவிலியராக ரெஜினா அமர்த்தப்பட்டார். விக்கிரவாண்டிப் பக்கத்தவர். இளமையில் அக்காவின் கீழ்ப் பயின்றவர். முதல்நாள் உள்ளே வந்ததும் அவர் தேன்மொழியின் கையிலிருந்து தட்டை வாங்கிக்கொண்டார்.

"கை உடையலையே சிஸ்டர். இடுப்புதான உடைஞ்சது. எதுக்கு ஊட்டறாங்க?"

"எனக்குத் தெரியும் ரெஜினா. எனக்கே பாடம் எடுக்காத."

"தெரிஞ்சிக்கினுதான் படுத்திருக்கீங்களா? எங்கள எல்லாம் என்னா திட்டு திட்டுவீங்க, ஞாபகம் இருக்கா? ஒரு பாட்டிய உக்கார வைக்காம போர்வை மாத்தினேன்னு வார்டுல எல்லார் முன்னாடியும் கத்தினீங்க."

"நீ போர்வையும் சரியா மாத்தல."

அவைதான் அக்கா பல நாள்களுக்குப் பின் பேசிய முழு வாக்கியங்கள். ஆயினும் எழவில்லை. ரெஜினா வாசல்வரை வரச் சொன்னார், மறுத்தார். சன்னலோரம் வரச் சொன்னார், கண்ணை மூடிக்கொண்டார். அக்காவின் பார்வை அறையில் எதன்மேல் தங்குகிறது என்பதை ரெஜினா சில நாள் கவனித்திருக்கிறார். ஒருநாள் காலை நாற்காலியை எடுத்துப் போய், அத்தானின் வெற்றுக் கட்டிலுக்கு இடப்பக்கம் போட்டார்.

"அங்க வந்து உக்காருங்க சிஸ்டர். பேஷண்டுக்கு எடப்பக்கம்தான உங்க எடம்?"

அக்கா நெடுநேரம் அந்த நாற்காலியையே பார்த்திருந்தார். பிறகு கால்களைக் கட்டிலிலிருந்து இறக்கினார். ரெஜினா அவர் இடுப்பில் கட்டியிருந்த துணிப் பட்டையைப் பிடித்துக்கொண்டார், தூக்கவில்லை. வாக்கரின் கால்கள் தரையில் மாறிமாறி ஒலிக்க, வழியில் இருமுறை நின்று, அக்கா அங்கே சென்று அமர்ந்தார். முகமெல்லாம் வியர்வை. தேன்மொழி அழுதுகொண்டே சமையலறைக்குள் ஓடினாள்.

அன்று முதல் நாள்தோறும் அந்த நடை நிகழ்ந்தது. ஆனால் அதனோடு வேறொன்றும் தொடங்கியது. நாற்காலியில் அமர்ந்த அக்கா, வெற்றுக் கட்டிலை நோக்கிப் பேசலானார். தாழ்ந்த குரல், மருத்துவமனையில் பேசும் அதே குரல். "இந்தாண்ட திரும்புங்க. அவசரமில்ல. நான் இங்கதான் இருக்கேன். எங்கயும் போவல." இடையிடையே நிறுத்தி, விடையைக் கேட்பவர்போல் தலை சாய்ப்பார். பிற்பகல் வெயிலில் அவ்வறையின் வாயிலில் நின்று நான் அதைக் கேட்டிருக்கிறேன். உள்ளே காலடி வைக்க எனக்கு மனம் வரவில்லை.

ரெஜினா இதனை மறைக்காமல் மருத்துவரிடம் தெரிவித்தார். அறுவைக்குப் பின் முதியோர்க்குச் சில காலம் மனக்குழப்பம் வருவதுண்டு என்று அவர் சொல்லி, வேண்டிய சோதனைகளைச் செய்தார். கோளாறு ஒன்றும் தென்படவில்லை. அக்காவுக்குக் கிழமை தெரிந்தது. மாத்திரைகளின் பெயர் தெரிந்தது. அத்தான் இறந்ததும் தெரிந்தது. நானே கேட்டேன்.

"யார்கிட்ட பேசறக்கா?"

"பேஷண்ட்கிட்ட."

"அத்தான் இல்லையே அக்கா."

"அது எனக்குத் தெரியாதா? குளிப்பாட்டி வேட்டி கட்டி அனுப்பினது நான்தான?" என்றார். பிறகு, "அவரு திரும்பற வரைக்கும் உக்காந்திருக்கலாம்னு பாக்கறேன்" என்றார்.

தேன்மொழிக்கு அச்சம் மிகுந்தது. "மாமா, அந்தக் கட்டில எடுத்துடலாம். எனக்கு அந்த ரூமுக்குள்ள போவவே பயமா இருக்கு. அம்மா பேசறாங்க, நடுவுல நிறுத்தறாங்க பாருங்க, அதான் தாங்க முடியல." நானும் அதற்கு இசைந்தேன். கட்டிலைப் பிரித்து எடுக்க ஆளும் சொல்லியாயிற்று. அன்று ரெஜினா என்னை முற்றத்திற்கு அழைத்துச் சென்றார்.

"சார், கட்டில எடுத்துட்டா அவங்க நடந்து போறதுக்கு எடமே இல்லாம பூடும். இப்ப அங்க போறாங்க. நாளைக்கி வாசலுக்குப் போவாங்க. இன்னிக்கி எடுத்தீங்கன்னா மறுபடி சுவத்தப் பாத்துப் படுத்துக்குவாங்க."

"அவங்க பேசறது சரிங்கறீங்களா?"

"சரியா தப்பான்னு நான் சொல்லல சார். அவங்க எழுந்துக்கிறாங்க. எனக்கு அதுதான் வேலை."

கட்டில் அங்கேயே இருந்தது. ரெஜினா சொன்னது போலவே, சில வாரங்களில் அக்கா வாக்கருடன் வாசல்வரை வந்தார், பின்னர்த் தெருக்கதவுவரை. தாமே குளித்தார், தாமே உடுத்தினார். தேன்மொழி சுட்ட தோசையைக் குறைகூறவும் தொடங்கினார். வாக்கரை விட்டுக் கைத்தடிக்கு மாறலாம் என்று ரெஜினா நாள் குறித்திருந்தார். நாற்காலியில் அமர்ந்து பேசும் வழக்கம் மட்டும் நிற்கவில்லை. நாங்கள் அதற்குப் பழகிக்கொண்டோம் என்று சொல்வது முழு உண்மையாகாது. அவ்வேளையில் நாங்கள் அனைவரும் வீட்டின் முன்பகுதியில் இருக்கக் கற்றுக்கொண்டோம்.

இனி அந்த இறுதிக் காலை. தேன்மொழியின் கணவர் வெளியூர் சென்றிருந்தமையால் நான் அவ்வாரம் திண்டிவனத்தில் தங்கியிருந்தேன். விடிந்து பால் வாங்கிக்கொண்டு உள்ளே வந்த தேன்மொழி அறையை எட்டிப் பார்த்து, என்னை அழைத்தாள். சென்றேன். கண்டவற்றை மட்டும் வரிசையாக எழுதுகிறேன்.

அக்கா தம் கட்டிலில் இல்லை. அத்தானின் கட்டிலுக்கு இடப்பக்கம் இருந்த நாற்காலியில், முதுகு நிமிர்ந்து, கைகளை மடியில் வைத்து அமர்ந்திருந்தார். உயிர் இல்லை. முகத்தில் வலியின் குறி எதுவும் இல்லை. வாக்கர் அவருடைய கட்டிலின் அருகிலேயே, முன்தினம் தேன்மொழி வைத்த நிலையில் இருந்தது. அத்தானின் கட்டிலுக்கு இடப்பக்க முக்காலியின்மேல் எவர்சில்வர் டம்ளர் ஒன்று இருந்தது. அது சமையலறை அலமாரியில் இருப்பது. முன்தினம் அது அங்கே கழுவிக் கவிழ்க்கப்பட்டதைத் தேன்மொழியும் நானும் கண்டிருந்தோம்.

சிறிது நேரத்தில் ரெஜினா வந்தார். அக்காவின் நெற்றியைத் தொட்டார். வாக்கரைப் பார்த்தார், டம்ளரைப் பார்த்தார். பின்னர் என்னிடம் சொன்னதை அவர் சொற்களிலேயே தருகிறேன்: "வாக்கரப் புடிச்சா ரெண்டு கையும் அதுலதான் சார் இருக்கும். டம்ளர எடுத்துக்கினு வர முடியாது."

அதுவரை எனக்கு அது தோன்றவில்லை. சமையலறைவரை தனியே நடந்து, டம்ளரை எடுத்துத் தண்ணீர் நிரப்பி, கையில் ஏந்தியபடி எந்தப் பிடியுமின்றி அக்கா திரும்பி நடந்திருக்கிறார். ரெஜினா குனிந்து தரையைத் தொட்டுப் பார்த்தார். நானும் சமையலறை வரை சென்று பார்த்தேன். வழியில் எங்கும் ஒரு துளியும் சிந்தியிருக்கவில்லை. "தடி வேணாம்னு காமிச்சிட்டாங்க" என்று சொல்லி, ரெஜினா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இதயம் நின்றமையால் நேர்ந்த இயற்கை மரணம் என்று மருத்துவர் சான்றளித்தார்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் உளர். அறுவைக்குப் பின் அக்காவை மறுநாளே உட்காரவைத்த விழுப்புரம் மருத்துவமனைச் செவிலியர்களுக்கும், முனகிய அக்காவிடம் "நீங்க சொல்லிக்குடுத்ததுதான் சிஸ்டர்" என்று சொன்ன அவர்களுள் ஒருவருக்கும். வேண்டும்போதெல்லாம் தம் ஆட்டோவை மேடு பள்ளம் பார்த்து ஓட்டிய அண்டை வீட்டாருக்கும். தாயைக் குழந்தைபோல் ஊட்டிக் காத்து, பின்னர் ஊட்டாமல் இருக்கக் கற்றுக்கொண்ட தேன்மொழிக்கும் அவள் கணவருக்கும். எல்லாருக்கும் மேலாகச் செவிலியர் ரெஜினாவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. ஓராண்டு நிறைவுக்கு அழைக்கச் சென்றபோது, அவர் வேறொரு வீட்டில், வேறொரு முதியவரின் கட்டிலருகே நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்.

தலையணைப் பள்ளத்தைப் பற்றிக் கேட்போர்க்கு: நான் பார்த்தபோது அத்தானின் கட்டிலில் தலையணை கசங்கியிருந்தது. ஆனால் அதற்கு முன்பே தேன்மொழி தன் தாயைத் தொட்டுப் பார்க்கக் குனிந்தபோது அதன்மேல் கையூன்றியிருந்தாள். ஆகவே அதைச் சான்றாகக் கொள்ள இயலாது.

தெரியாமல் எஞ்சியவை இவை. அக்கா எப்பொழுது எழுந்தார் என்பது தெரியாது. யாரேனும் அழைத்து எழுந்தாரா, தாமே எழுந்தாரா என்பது தெரியாது. டம்ளர் வெறுமையாக இருந்தது. உட்புறம் ஈரமாக இருந்தது. அதை நானும் ரெஜினாவும் விரல் வைத்துப் பார்த்தோம். அந்தத் தண்ணீரைக் குடித்தவர் யார் என்பது எங்களுக்குத் தெரியாது.